ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியம் 600 வருஷமா எப்படிங்க நிக்குது?

மரப்பித்தன்:
லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டை ஒட்டி ஹார்மண்ட்ஸ்வொர்த்னு ஒரு கிராமம், அங்க 1426 வாக்குல வின்செஸ்டர் காலேஜ் தன்னோட பண்ணைக்காக கட்டின தானியக் களஞ்சியம் இருக்கு. 58 மீட்டர் நீளம், உள்ள முழுக்க ஓக் மரம். அண்ணாந்து பாத்தா கோயில் மண்டபம் மாதிரி அவ்ளோ உயரம், ஆனா தூணும் உத்தரமும் சேர்ற இடத்துல இரும்பே கண்ல படல. மரவேலை தெரிஞ்சவங்க விளக்குங்களேன்.

உளிக்காரன்:
கழுந்தும் துளையும்தாங்க எல்லாமே. கழுந்துன்னா ஒரு மரத்தோட நுனியில நாக்கு மாதிரி செதுக்கின பகுதி, அது அடுத்த மரத்துல வெட்டின துளைக்குள்ள போய் உக்காரும். மர ஆணிக்காக கழுந்துல போடற ஓட்டையை வேணும்னே கொஞ்சம் தள்ளிப் போடுவாங்க, அப்புறம் மர ஆணியை அடிச்சு இறக்கறப்போ அது ரெண்டு மரத்தையும் இழுத்து இறுக்கிடும். ஓக்கை பச்சையாவே இழைச்சு பூட்டிடுவாங்க, காயக் காய மரம் சுருங்கி இன்னும் கெட்டியா பிடிச்சுக்கும். ஓக்ல டானின்ங்கற துவர்ப்புச் சத்து ஜாஸ்தி, ஈரம் பட்டா இரும்பை அரிச்சிரும், அதனாலயும் மர ஆணிதான் சரி. தூணெல்லாம் மண்ணுல நடாம கல்லு மேல நிக்குது பாத்தீங்களா, அடி மக்காம இருக்கறதுக்கு அது முக்கியமான காரணம்.

தேன்மொழி:
உளிக்காரன் அண்ணா சொன்னதோட இன்னொண்ணு. இந்த மாதிரி களஞ்சியங்கள்ல தூணை பெரும்பாலும் தலைகீழா நிறுத்துவாங்க, அதாவது வேர்ப்பக்கத்து பருமனான முனை மேல வரும், ஏன்னா மூணு நாலு மரம் வந்து சேர்ற இடம் அதுதான், அங்க சதை இருந்தாத்தான் அத்தனை துளை வெட்டியும் பிளக்காது. முதல்ல தரையில போட்டு பொருத்திப் பாத்து ரோமன் எண் மாதிரி குறி கீறி வச்சிட்டு, கழட்டி, அப்புறம்தான் தூக்கி நிறுத்துவாங்க. என்ன ஒரு வேலை!

மரப்பித்தன்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இதைவிட பழசு எங்கயாச்சும் இருக்கா?

ஊர்சுற்றி:
இங்கிலாந்துலயே எசெக்ஸ்ல கிரெஸ்ஸிங் டெம்பிள்னு ஒரு இடத்துக்கு போங்க. டெம்ப்ளர்னு சிலுவைப்போர் காலத்து கிறிஸ்தவத் துறவி வீரர்கள் 13ஆம் நூற்றாண்டுல கட்டினது, பார்லிக்கு ஒண்ணு கோதுமைக்கு ஒண்ணுன்னு ரெண்டு களஞ்சியம் இன்னும் நிக்குது. ஹார்மண்ட்ஸ்வொர்த் வருஷக்கணக்கா கவனிப்பில்லாம கிடந்து, 2011லதான் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கற இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு 20,000 பவுண்டுக்கு வாங்கி ரிப்பேர் பண்ணாங்க. ஹீத்ரோ மூணாவது ரன்வே பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு பயம் இந்த கிராமத்தை நினைச்சுதான். ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியத்தை எல்லா நாளும் திறக்க மாட்டாங்க, இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் சைட்ல தேதி பாத்துட்டு போங்க.