வயிற்றுப்போக்குப் பரவலைத் தொலைபேசியில் விசாரித்தால் நம்பலாமா?

கேள்வி:
தொற்றுநோயியல் படிக்கும் மாணவி நான். குடல் தொற்று பரவிய பகுதியில் வீடுகளைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். கேள்வித்தாளின் முதல் வரி, "குழாய்த் தண்ணீரால் பரவும் நோய் பற்றி விசாரிக்கிறோம்". அடுத்ததாக, "கடந்த ஒரு மாதத்தில் வயிற்றுப்போக்கு இருந்ததா?" ஒத்திகையில் பேசிய ஒருவர், "ஆமாம், போன மாதமோ அதற்கு முன்போ" என்றார். இப்படி வரும் பதில்களை வைத்து எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

பதில் 1:
முடியும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி குடிநீரில் கலந்தபோது, சுமார் 4,03,000 பேர் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன மதிப்பீடு தொலைபேசி ஆய்விலிருந்துதான் வந்தது. ஆய்வகம் உறுதிசெய்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் அதில் ஒரு சிறு துளிதான் தெரிந்திருக்கும். வயிறு சரியில்லாதவர்களில் பெரும்பாலோர் மலப் பரிசோதனைக்குப் போவதே இல்லையே.

பதில் 2:
பல ஆண்டுகளாக இந்த அழைப்புகளைச் செய்து வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக.

தங்கையே, முதலில் அந்த முதல் வரியை நீக்கச் சொல்லுங்கள். 'தண்ணீர்' என்ற சொல் காதில் விழுந்த நொடியிலிருந்து எதிர்முனையில் இருப்பவர் தம் நினைவைத் தண்ணீரோடு சேர்த்துக்கட்டத் தொடங்கிவிடுவார். பரவல் நடக்காத காலத்திலும் சிலருக்கு வயிற்றுப்போக்கு வந்துகொண்டுதான் இருக்கும். மில்வாக்கி ஆய்வில் அந்த வழக்கமான அளவைக் கழித்தே கணக்கிட்டார்கள். ஆனாலும் 1993 ஏப்ரல் 7 அன்றே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வந்துவிட்டது. செய்தி பரவிய பிறகு கேட்டால், பழைய வயிற்றுக்கோளாறையும் மக்கள் அந்த வாரத்திற்குள் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் எண்ணிக்கை ஊதிப்போகும் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் எச்சரித்தது எனக்கு முழுக்க நியாயமாகவே படுகிறது.

நான் "ஒரு மாதத்தில்" என்று கேட்பதே இல்லை. "உடம்பு சரியில்லாமல் போனது எந்தக் கிழமை? அன்று வேலைக்குப் போனீர்களா? முந்தின நாள் இரவு யாரோடு சாப்பிட்டீர்கள்?" என்று வேளை வேளையாகப் பின்னோக்கி நடத்திச் செல்வேன். நடுவில் எதிர்முனை அமைதியாகிவிடும். அப்போது வாயைத் திறக்கக் கூடாது. அந்த அமைதியில்தான் "இருங்கள், அன்று மதியம் வெளியே சாப்பிட்டேன்" என்பது வரும். அவசரப்பட்டு ஒரு பட்டியலை வாசித்தால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" கிடைக்கும்.

எவ்வளவு பின்னோக்கிப் போவது என்பதைக் கிருமிதான், அதாவது அது உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட எடுக்கும் காலம்தான், முடிவு செய்யும். நோரோவைரஸ் என்றால் 12 முதல் 48 மணி நேரம் போதும். கிரிப்டோஸ்போரிடியம் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் போக வேண்டியிருக்கும். நோய் வராதவர்களிடமும் அதே நாட்களைப் பற்றித்தான் கேட்க வேண்டும். தேதி மாறினால் ஒப்பீடே பாழ்.

பதில் 3:
நினைவு எங்கே கைவிடும் என்பதற்கு 2011-இல் ஜெர்மனியில் பரவிய ஈ.கோலை என்ற பாக்டீரியாத் தொற்று நல்ல சான்று. முதலில் தக்காளி, வெள்ளரி, கீரை மேல்தான் சந்தேகம் விழுந்தது. சாலட்டின் மேல் தூவிய முளைகட்டிய வெந்தயம் பலர் நினைவில் இல்லை. உணவகத்தில் உண்டவர்கள் எந்த உணவைக் கேட்டார்கள் என்று பார்த்து, அதில் என்னென்ன போட்டீர்கள் என்று சமையல்காரரிடம் விசாரித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

கேட்டவர்:
நன்றி அண்ணா, முதல் வரி பற்றி மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம். நோய் வந்தவர்கள்தான் ஆர்வமாகப் பேசுகிறார்கள். மற்றவர்கள் உடனே துண்டித்துவிடுகிறார்கள்.

பதில் 2:
அது மிகப் பெரிய சிக்கல். எடுக்காத எண்ணை விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குத் தாவாதீர்கள். காலை, மாலை, விடுமுறை நாள் என்று வேறு வேறு நேரங்களில் திரும்ப அழையுங்கள். பேச மறுத்தவர்கள் எத்தனை பேர், எடுக்காதவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியே குறித்து, அறிக்கையில் அந்த எண்ணிக்கையையும் போடச் சொல்லுங்கள்.