பாத்தித் தீவன வீதம்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மீன் தொட்டித் தண்ணீரைப் பாத்திக்குப் பாய்ச்சி, மீன் கழிவின் சத்திலேயே செடி வளர்க்கும் மீன்–பயிர் இணைவளர்ப்பில் (அக்வாபோனிக்ஸ்) சத்துகளைச் சமன்செய்யப் பயன்படும் அளவுக்கு ‘மீன்–செடி விகிதம்’ என்ற பெயரைக் கும்பகோணத்து நண்பர் முன்மொழிந்திருந்தார். எளிதில் நாவில் நிற்கும் சொல்தான். ஆனால், கொல்லையிலோ மாடியிலோ தொட்டி வைத்திருப்பவர் இந்தச் சொல்லை நம்பி, இத்தனை மீனுக்கு இத்தனை செடி என்று கணக்குப் போட்டால் ஒரு பருவத்தில் பயிர் வெளுக்கும், இன்னொரு பருவத்தில் மீன் செத்து மிதக்கும். அதனால் இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

செடிக்குப் போகும் சத்து, மீனின் வழியாக வந்தாலும், நாம் அன்றாடம் போடும் தீவனத்தில் தொடங்குகிறது. 32 விழுக்காடு புரதம் உள்ள தீவனத்தின் 100 கிராமில் ஏறத்தாழ 5 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அதில் சிறு பகுதியே மீனின் உடலில் தங்க, எஞ்சியதில் பெரும்பங்கு செவுள் வழியே அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. அதை ஒருவகை நுண்ணுயிரி நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகே கீரைக்கு அது நல்ல உணவாகிறது.

நான்கடி அகலமும் எட்டடி நீளமும் உள்ள ஒரு கீரைப் பாத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 32 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 3 சதுர மீட்டர். தலைக்கு 10 கிராம் எடையுள்ள 40 குஞ்சுகளைத் தொட்டியில் விட்டு, உடல் எடையில் 5 விழுக்காடு தீவனம் போட்டால் நாளுக்கு 20 கிராம் ஆகிறது. அதே 40 மீன்களும் தலைக்கு 250 கிராம் எடைக்கு வளர்ந்து நிற்கும்போது, உடல் எடையில் ஒன்றரை விழுக்காடே போட்டாலும் நாளுக்கு 150 கிராம் ஆகிவிடுகிறது. மீனின் எண்ணிக்கையும் மாறவில்லை, பாத்தியும் மாறவில்லை. சத்தின் வரவு மட்டும் ஏழரை மடங்கு ஏறிவிட்டது. ‘மீன்–செடி விகிதம்’ என்ற பெயர் இந்த மாற்றத்தை முற்றிலும் மறைத்துவிடுகிறது.

இந்தத் துறையில் உண்மையில் அளக்கப்படுவது, ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு ஒரு நாளில் எத்தனை கிராம் தீவனம் என்பதுதான். உலக உணவு வேளாண் நிறுவனம் 2014இல் சிறு அளவு வளர்ப்புக்காக வெளியிட்ட கையேடு கீரை வகைகளுக்கு 40 முதல் 50 கிராம் என்றும், காய் வகைகளுக்கு 50 முதல் 80 கிராம் என்றும் சொல்கிறது. செடிகளைத் தண்ணீரில் மிதக்கும் பலகையில் வளர்த்து, கழிவைத் தனியே பிரித்து வெளியேற்றும் மிதவை முறையில் வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரகோசி பரிந்துரைத்தது 60 முதல் 100 கிராம். நம் ஊர்க் கணக்கில் சதுர அடிக்கு 4 முதல் 5 கிராம் என்று கீரைக்காரர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மேற்சொன்ன பாத்தியில் மீன் வளர்ந்த பிறகு சதுர மீட்டருக்கு 50 கிராம் கிடைக்கிறது. குஞ்சுப் பருவத்தில் 7 கிராம்கூடத் தேறாது. அப்போது பாத்தி முழுவதும் நடுவதைவிட, ஒரு மூலையில் மட்டும் நட்டு, தீவனம் ஏற ஏற நடவைக் கூட்டுவதே முறை.

ஆகவே என் முன்மொழிவு ‘பாத்தித் தீவன வீதம்’. பரப்புக்கும் நாளுக்கும் இவ்வளவு என்று அலகோடு வருவதால் விகிதத்தைவிட வீதமே இதற்குப் பொருந்தும். ‘தீவன வீதம்’ என்று சுருக்கினால், உடல் எடையில் இத்தனை விழுக்காடு என்று மீன் வளர்ப்போர் போடும் கணக்கோடு குழம்பும். அதனால் ‘பாத்தி’ என்ற முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. ‘இரை’ என்பதை ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அது விரால் தேடிப் பிடித்துத் தின்பதற்கே உரிய சொல், மூட்டையில் வாங்கும் குருணைக்கு ஒட்டாது. ஜல்லி நிரப்பிய படுகையைப் பாத்தி என்பதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. தண்ணீரில் பலகை மிதக்கும் அமைப்பை ‘மிதவைப் பாத்தி’ எனலாம்.

எல்லாச் சத்துகளும் பயிருக்கு வேண்டிய அளவில் இருப்பதைக் குறிக்கும் ‘ஊட்டச் சமநிலை’ என்ற சொல்லையும் கைவிட வேண்டாம், ஆனால் அதை இதற்கு மாற்றாக வைக்கவும் வேண்டாம். வீதம் சரியாக இருந்தாலும் சமநிலை வந்துவிடுவதில்லை. மீன் தீவனத்தில் சாம்பல் சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), இரும்பு ஆகியவை பயிருக்குப் போதிய அளவில் இருப்பதில்லை. எங்கள் பகுதியின் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு தேவைக்கு மேலேயே இருக்கிறது, ஆனால் கார அமில நிலை (pH) 7.5க்குக் கீழே இறங்க மறுப்பதால் இரும்பு பயிருக்கு எட்டாமல் போகிறது. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. அடி இலையின் ஓரம் தீய்ந்தால் சாம்பல் சத்துக் குறை. இவற்றைப் பார்த்துவிட்டுத் தீவனத்தைக் கூட்டினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். கார நிலையிலும் வெயில் காலத்திலும் அதன் நஞ்சு இன்னும் கடுமையாகும். அங்கே தேவைப்படுவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் கொடுக்கிணைப்பு இரும்பும் (கார நீரிலும் பயிருக்கு எட்டும்படி கரைந்தே நிற்கும் ‘கீலேட்’ வடிவ இரும்பு), ஐப்பசி மழைநீரைக் கலந்து காரத்தைத் தணிப்பதுமே.

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகளின் வேலைக்குத் ‘தழைச்சத்தாக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அம்மோனியாவிலேயே தழைச்சத்து இருக்கிறது. வடிவம் மட்டுமே மாறுகிறது. எனவே ‘நைட்ரேட்டாக்கம்’ என்றே வைத்துக்கொள்வது நலம் என்று கருதுகிறேன்.

ஒரு விவரம் வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கத்து இறால் குட்டைகளில் வேலை செய்பவர்கள், ஒரு நாளுக்குரிய தீவனத்தின் மொத்த அளவுக்குத் தமக்குள் ஏதேனும் தனிச்சொல் புழங்குகிறார்களா? அங்கே உறவினர் உள்ளவர்கள் விசாரித்து எழுதினால், அந்தச் சொல்லையே ‘தீவனம்’ என்பதன் இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
திருவையாற்றிலிருந்து ஓர் உறுப்பினர்