மறு: பெட் ஸ்கேன் அறிக்கைக்கு ‘புற்றொளிர்வு’ வேண்டாம், ‘சர்க்கரைப் பற்று’

> தேவகோட்டை ஐயா எழுதியது: பெட் ஸ்கேன் படத்தில் பளிச்சென்று தெரியும் இடத்தைப் ‘புற்றொளிர்வு’ எனலாம். சுருக்கமான சொல், படித்தவுடன் புரியும்.

ஐயா, வணக்கம்.

படித்தவுடன் புரியும் என்பதுதான் எனக்குப் பயம். தொடையில் கட்டியோடு காரைக்குடியிலிருந்து மதுரை போய் ஸ்கேன் எடுத்து வரும் ஓர் ஆச்சியின் அறிக்கையில் இந்தச் சொல் இருந்தால், சதை எடுத்துச் சோதிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அந்தப் படத்துக்கு அவ்வளவு தூரம் சொல்லத் தெரியாது.

கதிர் வீசும் ஃப்ளூரின்-18 சேர்த்த, குளுக்கோஸைப் போன்ற மருந்தை ஊசி வழியே ஏற்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் படுக்க வைக்கிறார்கள். உயிரணுக்கள் அதைச் சர்க்கரை என்றே உள்ளே இழுக்கின்றன. ஆனால் முழுதாகச் செரிக்க முடியாததால் அது அங்கேயே தங்கிவிடுகிறது. அதிலிருந்து வரும் கதிர்களைத்தான் கருவி பிடிக்கிறது. ஆக, எந்த இடம் எவ்வளவு சர்க்கரை எடுத்தது என்பதே படம் தரும் செய்தி.

இதற்கு நம் பக்கத்துக் கணக்கேட்டிலேயே சொல் இருக்கிறது: பற்று. கடையில் ஒருவர் பெயரில் பற்று ஏறியிருந்தால், சரக்கு நிறைய எடுத்திருக்கிறார் என்று தெரியும். கல்யாண வீட்டுக்கா, ஊதாரித்தனத்துக்கா என்று ஏடு சொல்லாது.

தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் கட்டிகளில் இந்தக் கவனம் இன்னும் தேவை. அங்கே வரும் புற்றுகளான சார்கோமாக்களில் வீரியமானவை பொதுவாகச் சர்க்கரையை அதிகம் எடுக்கும், சாதாரணக் கொழுப்புக் கட்டி எடுக்காது. இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். தசைநாண் உறையில் வரும் ராட்சத உயிரணுக் கட்டி புற்றல்ல, ஆனாலும் படத்தில் நெருப்பாகத் தெரியும். நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்ற தீங்கற்ற கட்டியும் அப்படித்தான், காசநோய் வீக்கமும் அப்படித்தான். மறுபக்கம், வீரியம் குறைந்த சில லைப்போசார்கோமாக்கள் (கொழுப்புத் திசு வகைச் சார்கோமாக்கள்) புற்றாக இருந்தும் மங்கலாகவே தெரியும். ‘புற்றொளிர்வு இல்லை’ என்று எழுதிக் கொடுத்து, அதை நம்பி ஒருவர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால்? எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஓர் இடம் எவ்வளவு எடுத்தது என்று காட்டும் எஸ்.யூ.வி. என்ற எண்ணுக்குப் ‘பற்றளவு’ வைக்கலாம். ஏற்றிய மருந்தின் அளவையும் உடல் எடையையும் வைத்துக் கணக்கிடும் எண் அது. மருந்து உடம்பெங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தால் எல்லா இடத்திலும் 1 வரும். ‘பற்றளவு 6’ என்றால் அந்தச் சராசரியைப் போல ஆறு மடங்கு. இந்த எண்ணுக்கு மேல் புற்று, கீழே இல்லை என்று கோடு கிழிக்க முடியாது.

‘பற்று என்றால் பாசம் என்று படிப்பார்களே’ என்று அண்ணன் ஒருவர் கேட்டிருந்தார். தனியே நின்றால் குழப்பம்தான், அதனால் அறிக்கையில் முதல் முறை ‘சர்க்கரைப் பற்று’ என்றே முழுதாக எழுதுவோம். ‘ஏற்பு’ என்ற யோசனையும் நல்லதே, ஆனால் ‘ஏற்பி’ ஏற்கெனவே ‘ரிசெப்டர்’ என்ற வேறு பொருளில் புழங்குகிறது.

இன்னொரு வசதி: சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கு ஊசியை எங்கே குத்துவது என்று காட்டப் பெட் ஸ்கேன் மிகவும் உதவுகிறது. பெரிய கட்டியில் ஒரு பகுதி வீரியமாகவும் இன்னொரு பகுதி அழுகியும் இருக்கலாம். ‘பற்று மிகுந்த பகுதியில் திசு எடுக்கவும்’ என்று எழுதினால் மருத்துவருக்கும் விளங்கும், ஆச்சிக்கும் விளங்கும். அங்கே ‘புற்றொளிர்வு’ போட்டால், சோதனைக்கு முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

பெட் ஸ்கேன் என்ற பெயரை மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. சரி, ‘பற்றளவு’ பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் ஐயா.