எச்.ஆர். (மனிதவள) ஆராய்ச்சியால் வேலை செய்பவருக்கு என்ன லாபம்?

மூன்றாம் ஷிப்ட்: வருஷா வருஷம் ஊழியர் கருத்துக்கணிப்பு வருது. ஏழு வருஷமா நிரப்பிக் கொடுக்கிறேன், மாறினது படிவத்தோட நிறம் மட்டும்தான். மனிதவள ஆராய்ச்சின்னு சொல்றதெல்லாம் நிர்வாகத்தோட ஆசைக்குப் பல்கலைக்கழக முத்திரை. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

தரவுப்பித்தன்: நீங்க சொல்றது ஆராய்ச்சி இல்லைங்க, சடங்கு. ஆராய்ச்சின்னா சீனாவோட சிட்ரிப் பயண நிறுவனத்துல நடந்ததைப் பாருங்க. வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பிய கால் சென்டர் ஊழியர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவங்களுக்கு வாரம் 4 நாள் வீடு, மத்தவங்களுக்கு அலுவலகம். 9 மாசம் நடந்தது. வீட்டிலிருந்தவங்க செஞ்சு முடிச்ச வேலை 13% கூடிச்சு, வேலையை விட்டுப் போறவங்க பாதியாக் குறைஞ்சாங்க. பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் ப்ளூம் குழு 2015ல வெளியிட்டது. பிறந்த தேதியை வச்சுப் பிரிச்சதால, "சுறுசுறுப்பானவங்க மட்டும் வீட்டுக்குப் போயிட்டாங்க"ன்னு தட்டிக்கழிக்க முடியாது.

மூன்றாம் ஷிப்ட்: மிச்சத்தையும் சொல்லுங்க. அந்த 13ல பெரும்பங்கு, இடைவேளையும் நோய் விடுப்பும் குறைஞ்சதால வந்தது. அதே அளவு வேலை செஞ்சும் வீட்டில் இருந்தவங்களுக்குப் பதவி உயர்வு குறைவு. லாபம் யாருக்கு?

தரவுப்பித்தன்: பதவி உயர்வு விஷயம் நியாயம்தான். ஆனா அது வெளியே தெரிஞ்சதே அந்த ஆய்வுலதானே!

பத்துப்பேர் மேனேஜர்: நடுவுல வர்றேன். 1996ல க்ளூகர், டெனிசின்னு ரெண்டு ஆய்வாளர்கள் பின்னூட்டம் பத்தின ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தாங்க. மூணுல ஒரு பங்குக்கு மேல, பின்னூட்டத்துக்கு அப்புறம் செயல்திறன் குறைஞ்சிருக்கு! கவனம் வேலையை விட்டு ஆள் மேல திரும்பினா கெடுது. அதைப் படிச்சதுல இருந்து அப்ரைசல்ல "கவனக்குறைவு"ன்னு எழுதறதில்லை; எந்த அறிக்கை, எந்தப் பக்கம்னு சொல்றேன். என் டீம்ல முகம் சுருங்கறது குறைஞ்சிருக்கு. இது ஆய்வு இல்லை, என் கண் கண்டது.

மூன்றாம் ஷிப்ட்: உங்க டீமுக்கு யோகம். எங்க இடத்துல இன்னும் ஆளுக்கு ஒரு ரேங்க். போனஸ் பிரிக்க அதுதான் வசதி. வசதிக்கு எதிரான ஆய்வு அலமாரியிலதான் தூங்கும்.

தரவுப்பித்தன்: எப்பவும் இல்லை. அதே சிட்ரிப் நிறுவனத்துல 1612 பேரை வச்சு, வாரம் 2 நாள் வீடுன்னு மறுபடி சோதிச்சாங்க. 2024ல நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. ராஜினாமா மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. உற்பத்தி விழும்னு முன்னாடி நினைச்ச மேனேஜர்களே கடைசியில மனசு மாறினாங்க. நிறுவனமும் எல்லாருக்கும் விரிவாக்கிச்சு.

மூன்றாம் ஷிப்ட்: பதவி உயர்வு?

தரவுப்பித்தன்: அடுத்த 2 வருஷத்துக்கும் வித்தியாசம் இல்லை.

மூன்றாம் ஷிப்ட்: சரி, எங்க எச்.ஆருக்கு அனுப்பி வைக்கிறேன். பேர் போடாம.