ராணி உறுமுவதை நிறுத்திய மாதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஒருவர்:

வயதான நாய் இருக்கும் வீட்டிற்குக் குட்டியைக் கொண்டுவந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும்படி கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததில் எங்கள் தவறே பெரிது என்பதால், எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ராணிக்கு 11 வயது. ஆஃப்ரிகானிஸ் எனப்படும் தென்னாப்பிரிக்க நாட்டு நாயின் சாயல் கொண்ட கலப்பினம்; ஒல்லியான உடல், நீண்ட கால்கள். ஜூலை மாதக் கடைசியில் 9 வாரக் குட்டியாகச் சிம்பாவை வீட்டிற்குக் கொண்டுவந்தோம். முதல் சில நாட்கள் ராணி பொறுத்துப் போனாள். அவன் அவளுடைய காதைக் கவ்வித் தொங்குவான், வாலைப் பிடித்து இழுப்பான், அவள் படுத்திருக்கும்போது ஓடிவந்து இடுப்பின்மேல் விழுவான். நாங்கள் அதையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்பி மகிழ்ந்தோம். அவள் எப்போதாவது உறுமினால், "பச்சைப் பிள்ளையிடம் போய் உறுமுகிறாயே" என்று அம்மா கடிந்துகொள்வார். நானும் குரலை உயர்த்தி அவளைப் பின்முற்றத்திற்கு அனுப்பிவிடுவேன். மூன்றாவது வாரத்திற்குப் பிறகு அவள் உறுமவே இல்லை. இருவரும் பழகிவிட்டார்கள் என்று நாங்கள் நிம்மதி அடைந்தோம்.

இன்று அந்தப் படங்களைத் திரும்பப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ராணி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டிருக்கிறாள். கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிகிறது. உண்ண எதுவும் இல்லாதபோதும் உதட்டை நக்குகிறாள். உடல் மரக்கட்டை போல இறுகியிருக்கிறது. வாய்திறந்து சொல்வதை நாங்கள் தடுத்துவிட்டதால், அவள் உடலால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 24, மரபு தினம். இந்த நாட்டில் அன்று பிராய் போடாத, அதாவது நெருப்பு மூட்டி இறைச்சி சுடாத வீடு குறைவு. ஆட்டு விலா எலும்பு ஒன்று கீழே விழ, ராணி அதை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் சுவரோரமாகப் படுத்தாள். சிம்பா வழக்கம்போல ஓடிப்போய் அவள் வாயருகே மூக்கை நீட்டினான். உறுமல் இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரே கடி. அவனுடைய காது கிழிந்தது. பதற்றத்தில் நான் கையை இடையில் விட்டதால் என் மணிக்கட்டிலும் பல் பட்டது. சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். எங்கள் மாகாணமான க்வாசூலு-நட்டாலில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் ஒழியவில்லை என்பதால், அங்கேயும் சரி, கால்நடை மருத்துவரிடமும் சரி, முதலில் கேட்டது நாய்களின் தடுப்பூசி அட்டையைத்தான். இருவருக்கும் போட்டு வைத்திருந்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

சிம்பாவின் காதில் நான்கு தையல். உறவினர் சிலர் ராணியை எங்காவது கொடுத்துவிடும்படி சொன்னார்கள். கால்நடை மருத்துவரோ சிம்பாவின் சிகிச்சையை முடித்துவிட்டு ராணியையும் மேசைமேல் ஏற்றச் சொன்னார். பின்னங்காலை மெதுவாகப் பின்னோக்கி நீட்டியபோது அவள் சத்தமில்லாமல் தலையைத் திருப்பி அவருடைய கையையே பார்த்தாள். இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. குட்டி வந்து விழுந்ததெல்லாம் அந்த இடுப்பின் மேல்தான். "உறுமியதற்காக இவளைத் திட்டினீர்களா?" என்று அவர் கேட்டபோது அம்மா அழுதுவிட்டார். உறுமல் என்பது கடிக்காமல் இருப்பதற்காக நாய் செய்யும் முயற்சி என்றும், அதைத் தண்டித்தால் கோபமோ வலியோ போய்விடாது, எச்சரிக்கை மட்டுமே போய்விடும் என்றும் அவர் விளக்கினார். தான் முட்டிவலிக்குச் சாப்பிடும் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, மனிதர்களுடைய வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம் என்று கண்டிப்பாகத் தடுத்து, நாய்க்கான மருந்தையே எழுதிக் கொடுத்தார்.

வீட்டிற்கு வந்ததும் முதலில் செய்தது, ராணிக்கு ஓர் இடம் ஒதுக்கியது. எங்கள் பகுதியின் பெரும்பாலான வீடுகளைப் போல எங்கள் வீட்டு நடையிலும் திருட்டுக்குப் பயந்து போட்ட இரும்புக் கம்பிக் கதவு உண்டு. கம்பி இடைவெளியில் சிம்பா நுழைந்துவிடுவான் என்பதால் கீழ்ப்பாதியில் கோழிவலை கட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் ராணியின் மெத்தையும் தண்ணீரும் இருக்கும். அவள் கதவருகே வந்து நின்றால் உடனே திறந்துவிட வேண்டும் என்பது வீட்டில் அனைவருக்கும் சட்டம். உணவு தனித்தனி அறையில். எலும்பு இருவருக்குமே நிறுத்தப்பட்டது.

சிம்பா மாலை ஆறு மணிக்கு மேல் வெறிபிடித்தவன் போலக் கடிப்பதற்கு ஆட்டம் போதாததே காரணம் என்று எண்ணியிருந்தோம்; உண்மையில் தூக்கம்தான் போதவில்லை. குட்டிகள் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்க வேண்டியவை. பகலில் இரண்டு முறை அவனைக் கூண்டில் தூங்க வைத்த பிறகு மாலைக் கடி பாதியாகக் குறைந்தது. அந்த மாதங்களில் பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்துக்கொண்டிருந்ததால், ஈரத்துணியை முறுக்கி உறையவைத்து, மென்று கடிப்பதற்குக் கொடுத்தோம்.

டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டிலிருந்து ஒருவர்:

எங்கள் வீட்டில் நிலைமை வேறு. மூத்தவன் போயர்போல் எனப்படும் பெரிய காவல் நாய் இனம், 60 கிலோவுக்கு மேல் எடை, குணத்தில் பசு. வந்த குட்டியோ மூன்று கிலோகூட இல்லை. அவன் கோபத்தில் எதுவும் செய்யவில்லை, மகிழ்ச்சியில் முன்னங்காலைத் தூக்கி வைத்தான். குட்டியின் தோள் வீங்கி இரண்டு வாரம் நொண்டியது. எனவே சண்டை இல்லை என்பதற்காகவே ஆட்டம் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். குட்டி ஓரளவு வளரும் வரை பெரியவனைக் கயிற்றில் பிடித்தபடி, படுக்கவைத்துத்தான் விளையாட விட்டோம். ராணியும் சிம்பாவும் இப்போது சேர்ந்து விளையாடுகிறார்களா? எந்தக் கட்டத்தில் பிரிக்கிறீர்கள்?

சாட்ஸ்வர்த்திலிருந்து மீண்டும்:

விளையாடுகிறார்கள். சத்தத்தைக் கேட்டு நான் பிரிப்பதில்லை, ஏனெனில் நல்ல ஆட்டத்திலும் உறுமல் உண்டு. முறை மாறுகிறதா என்று பார்க்கிறேன்: ஒருமுறை இவன் துரத்தினால் மறுமுறை அவள் துரத்த வேண்டும், ஒருவர் கீழே விழுந்தால் அடுத்த முறை மற்றவர் விழ வேண்டும். உடல் தளர்ந்து நெளிகிறதா, இடையிடையே தாமாகவே நிறுத்தி மூச்சு வாங்குகிறார்களா என்றும் கவனிப்பேன். ஒருவரே துரத்தி மற்றவர் ஒளிந்துகொண்டாலும், வால் காலிடுக்கில் போனாலும், இருவரில் ஒருவர் அசையாமல் நின்று வெறித்துப் பார்த்தாலும் உடனே குட்டியைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

சந்தேகமாக இருந்தால், சிம்பாவின் மார்புக்குக் குறுக்கே கைவைத்து அரை நிமிடம் பிடித்துக்கொள்கிறேன். ராணி விலகிப் போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. சில நாட்களில் அவள் போகாமல் நின்று, வலிக்கும் பின்காலை மெதுவாக ஊன்றி, முன்கைகளைத் தரையில் நீட்டி அழைப்பாள். பிறகு பக்கவாட்டில் படுத்துக்கொண்டே வாயை மட்டும் திறந்து அவனுடன் விளையாடுவாள். ஓட முடியாதவள் தன் உயரத்தைக் குறைத்து அவனுக்கு இடம் கொடுப்பதைப் பார்க்கும்போது, அவளைத் திட்டிய நாட்கள் நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கிறது.

கையை மட்டும் இனி இடையில் விடமாட்டேன். அகலமான தட்டு ஒன்றை எப்போதும் அருகில் வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் இருவருக்கும் நடுவில் அதைத்தான் செருக வேண்டும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறையில் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது சிம்பா மறுபடியும் ராணியின் இடுப்பை நோக்கிப் பாய்ந்தான். அவள் உதட்டைத் தூக்கி, தாழ்ந்த குரலில் ஒருமுறை உறுமினாள். இரண்டு மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறோம். அம்மா மாவுக்கையோடு நிமிர்ந்து பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சிம்பா நின்றான், இரண்டு முறை தும்மினான், பிறகு கொஞ்சம் தள்ளிப் போய்த் தரையில் படுத்துக்கொண்டான்.