பேரூராட்சி ஆபீசில் உங்களுக்கு நடந்தது என்ன? அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிழக்கு ரத வீதி

எங்கள் ஊர் பதினைந்து வார்டு உள்ள ஒரு பேரூராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம், படிப்பவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். போன மாதம் மன்றக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பொதுமக்கள் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம், பின்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், தலைவர் வெளியே போகச் சொன்னால் எழுந்துவிட வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் இதற்கு முன்னால் யாரும் போனதில்லை போலிருக்கிறது. செயல் அலுவலர் என்னைப் பார்த்துவிட்டு "சார் எந்தப் பத்திரிகை?" என்றார்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் கிளார்க் கூட்டப் பொருள்களை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். அந்த வேகத்தில் கோயிலில் அர்ச்சனைகூடச் சொல்ல மாட்டார்கள். அந்த மாதப் பிறப்பு இறப்பு விவரம், வரவு செலவு, பிளீச்சிங் பவுடர் வாங்கியது, ஒரு போர் மோட்டாரின் காயில் எரிந்து ரீவைண்டிங் செய்தது, "அவசர அவசியம் கருதி" பைப் உடைப்பைச் சரிசெய்தது. எல்லாமே வேலையை முடித்து, பில்லும் வந்த பிறகு அனுமதி கேட்கிற செலவுகள். ஒவ்வொன்றின் கீழும் "மன்றம் அனுமதிக்கலாம்" என்று அலுவலகக் குறிப்பு ஏற்கெனவே டைப் அடித்திருக்கிறது, உறுப்பினர்கள் தலையாட்டினால் தீர்மானம் ஆகிவிடும். நடுவில் மிக்சரும் டீயும் வந்தன. எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள்.

சண்டை ஒரே ஒரு இடத்தில்தான், தண்ணீர். மேட்டுத் தெரு உறுப்பினர் எழுந்து, பக்கத்து வார்டுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறது, எங்களுக்கு ஒரு வாரம் ஆகிறது, என்ன பாவம் செய்தோம் என்று கேட்டார். கூட்டுக்குடிநீர்த் திட்டத்தில் வர வேண்டிய அளவு வருவதில்லை, குடிநீர் வாரியத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம் என்று பதில். இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் எத்தனை வருஷமாக மினிட் புத்தகத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றனவோ தெரியாது.

விஷயம் அதற்கப்புறம்தான். கூட்டம் முடிந்து எல்லோரும் வாசல் வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது, தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணன் சைக்கிளோடு வந்தார். மேட்டுத் தெரு உறுப்பினர் அவரைப் பிடித்துக்கொண்டார். "டேங்க் முக்கால்வாசி நின்னாத்தான்யா மேட்டுக்கு ஏறும். நான் ஏழு மணிக்குத் திறக்கும்போது பள்ளத்துல இருக்கிறவன் எல்லாம் மோட்டாரப் போட்டு உறிஞ்சிடறான். விடியக்காலை நாலு மணிக்கு உங்க வால்வை மட்டும் திறந்து, ஆறு மணிக்கு அடைச்சிட்டு, அப்புறம் அவங்களுக்கு விட்டா வரும். ஆனா நாலு மணிக்கு யாரு வர்றது?" என்றார் அண்ணன். உறுப்பினர் தன் பைக்கில் கூட்டிவருவதாகச் சொன்னார். செயல் அலுவலரும் நின்று கேட்டுவிட்டு, செய்து பாருங்கள் என்றார். தீர்மானமும் இல்லை, பொருள் எண்ணும் இல்லை. இப்போது அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது. உள்ளே நடந்ததற்கும் மரத்தடியில் நடந்ததற்கும் இருக்கிற இந்த வித்தியாசம் எங்கள் ஊரில் மட்டும்தானா, மற்ற ஊர்களிலும் இப்படித்தானா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பில் கலெக்டர்

எல்லா ஊரிலும் இதே கதைதான் தம்பி. ஆனால் உள்ளே எழுதுகிற எழுத்துக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தீர்மானம் இல்லாவிட்டால் ரீவைண்டிங் கடைக்காரருக்குப் பணம் போகாது, அடுத்த முறை மோட்டாரைத் தொட மாட்டார்.

2022ஐச் சொல்கிறேன். பிப்ரவரி 19 தேர்தல், மார்ச் 2 பதவியேற்பு, 4ஆம் தேதி தலைவர் தேர்வு. மாலையும் பொன்னாடையும் மேசை மேல் காய்ந்துகூட முடியவில்லை, ஏப்ரல் முதல் சொத்து வரி உயர்வு என்று அறிவிப்பு. குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. மத்திய நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் வரியைக் கூட்டத்தான் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளுக்கே வரியை உயர்த்தித் தீர்மானம் போட வேண்டிய நிலைமை. கூட்டத்தில் யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து, "அண்ணே, நம்ம வார்டுல கொஞ்சம் பார்த்து" என்றார்கள். நான் என்னத்தைப் பார்க்கிறது? சதவீதம் அரசாணையில் இருக்கிறது.

600க்கும் 1,200க்கும் கோடு போட்டுவிட்டதால் எல்லோருக்கும் சதுர அடி மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. புதிதாக மாடி கட்டிய வீட்டை அளக்கப் போனால் டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரரே பிடிப்பார். பிடிக்கும்போதே சுவரிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு, "ம், சரியா இருக்கு, எழுதிக்கோங்க" என்பார். நானும் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருமுறை அளப்பேன்.

ஒரு உபயோகமான தகவல். அரையாண்டு தொடங்கின முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், அந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். இதைக் கேட்டுவந்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம். மார்ச் கடைசியில் வந்து கவுன்ட்டரில் கத்துகிறவர்கள்தான் அதிகம்.

தறிக்காரர் மகள்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் மகனின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை என்று பார்த்தோம். ஆஸ்பத்திரியில் பதியும்போது பெயர் வைத்திருக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். ஒரு புரோக்கர் பெரிய தொகை கேட்டார். ஆபீசில் நேரே போய்க் கேட்டால், பிறந்து ஒரு வருஷத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணமே இல்லை, அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம் என்றார் அந்த கிளார்க் அம்மா. எந்தக் கவுன்சிலரும் வேண்டியிருக்கவில்லை. இனிஷியலைச் சரியாக எழுதிக் கொடு, அதைத் திருத்த வந்தால்தான் உனக்கு அலைச்சல் என்று கூடுதலாக ஒரு வார்த்தையும் சொன்னார். நல்ல மனுஷி.

முன்னாள் வார்டு உறுப்பினர்

நான் 2011இல் ஜெயித்தவள். பெண்கள் வார்டு. முதலில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "அண்ணன் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறார், மாட்டுக்குத் தவிடு வைக்கிறார், உங்களுக்கு என்ன வேண்டும் என்பேன். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்தவர் அண்ணன் வரும்வரை திண்ணையில் காத்திருந்துவிட்டு, அவரிடம் சொல்லி, அவர் அங்கிருந்தே என்னைப் பார்த்து உரக்கச் சொல்லி, நான் நோட்டில் எழுதிக்கொண்ட கூத்தெல்லாம் உண்டு. அப்போது டியூப் லைட் காலம். எலக்ட்ரீஷியன் வரும்வரை பொறுக்காமல் ஸ்டார்ட்டரை நாங்களே வாங்கி மாட்டியிருக்கிறோம். மாதச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. 2023 ஜூலையிலிருந்துதான் பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் வந்தது. இப்போது இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மரத்தடியைப் பற்றிச் சொன்னவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெண்களுக்கு அந்த மரத்தடி கிடையாது. கூட்டம் முடிந்ததும் ஆண்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள், அடுத்த மாதம் எந்தத் தெருவில் சிமெண்டு ரோடு என்பது அங்கே முடிவாகும். நாங்கள் நாலைந்து பெண் உறுப்பினர்கள் வீட்டில் உலை வைக்க ஓடுவோம். அதனால் எனக்கு மினிட் புத்தகம்தான் கதி. பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து சொல்லி, நான் சொன்னதை எழுதினீர்களா, வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டே கதவு வந்தது. என் தொந்தரவு பொறுக்காமல்தான் போட்டார்கள். போட்டார்களா இல்லையா, அதுதானே வேண்டும்.

இன்னொன்று. 2016 அக்டோபரில் எங்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் அதிகாரிகள் நிர்வாகம். கேட்க மன்றம் இல்லை, ஆனால் சாக்கடை அடைத்தால் ஜனங்கள் யார் வீட்டுக்குப் போவார்கள்? என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பதவியும் இல்லை, கையெழுத்தும் செல்லாது என்று சொன்னால் புரியாது. "நீதானம்மா மெம்பரு." நானும் ஆபீசுக்குப் போய் நிற்பேன். துப்புரவு மேஸ்திரி பழைய முகத்துக்காக ஆள் அனுப்புவார். ஐந்து வருஷம் மெம்பராக இருந்தேன், அதைவிட அதிக காலம் மெம்பர் மாதிரி இருந்தேன்.

வடமராட்சி

அக்கா சொன்னது எங்கட கதையேதான். நான் இலங்கை, யாழ்ப்பாணப் பக்கம். எங்களுக்கு நகரசபை, தலைவரைத் தவிசாளர் என்போம், வரிக்குப் பெயர் சோலைவரி. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சோடு முடிந்தது. வைக்க இருந்த தேர்தல் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், 2025 மே 6இல்தான் நடந்தது. அந்த இரண்டு வருஷத்துக்கு மேலாகச் செயலாளர்தான் எல்லாம்.

கார்த்திகை மழைக்கு எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும். மேலே ஒருவர் வெள்ள வாய்க்காலுக்குக் குறுக்கே மதில் எழுப்பிவிட்டார், அதுதான் காரணம். செயலாளர் காலத்தில் கடிதம் கொடுத்தால் ஒழுங்காகப் பதில் வரும், கடிதம் கிடைத்தது, கவனத்தில் எடுக்கப்பட்டது என்று. குறை சொல்ல ஏலாது, அலுவலகம் ஒழுங்காய்த்தான் நடந்தது. ஆனால் வெள்ளத்துக்குள் இறங்கி வந்து பார்க்க ஆளில்லை. சபை வந்த பிறகு வட்டார உறுப்பினர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, மதில்காரரோடு அரை நாள் வாய்த்தர்க்கம் பட்டு, கடைசியில் மதிலுக்கு அடியில் குழாய் வைக்கச் சம்மதிக்கப் பண்ணினார். அந்த உறுப்பினருக்கு நான் வாக்களிக்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.

சபை அமர்வு என்றால் எங்கள் பக்கம் பாதீட்டுக் காலம்தான், அதாவது பட்ஜெட் காலம்தான், பார்க்க வேண்டியது. யாழ்ப்பாண மாநகர முதல்வரே 2020 டிசம்பரில் பாதீடு இரண்டாம் தரமும் தோற்றுப் பதவி இழந்தவர். அதைக் கண்ட பிறகு மார்கழி பிறந்தால் தவிசாளர்மார் எதிர்க்கட்சி உறுப்பினரின் வீட்டு விளக்கு எரிகிறதா என்றுகூட விசாரிப்பார்கள்!

உத்திரமேரூர் பக்கம்

இவ்வளவு நேரம் யாரும் குடவோலையை இழுக்காமல் இருந்ததே ஆச்சரியம், நானே இழுத்துவிடுகிறேன். 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிற உத்திரமேரூரும் இன்றைக்கு ஒரு பேரூராட்சிதான். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்களாகப் பிரித்து வைத்திருந்ததைப் பெருமையாகப் பேசுகிற எல்லோரும் ஒன்றை மட்டும் மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் திரும்ப நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. அதை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தால் சில ஊரில் வேட்புமனு வாங்குகிற அதிகாரி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சந்தைக்கடை

கணக்கு என்றதும் ஞாபகம் வந்தது. நான் வாரச்சந்தையில் வெங்காயம், பூண்டு போடுகிறவன். சந்தைச் சுங்கத்தைப் பேரூராட்சி வருஷா வருஷம் ஏலம் விடும், ஏப்ரல் முதல் மார்ச் வரை குத்தகை. ஏலம் எடுத்தவர் போட்ட காசை எடுக்கத்தான் பார்ப்பார், அது நியாயம். ஆனால் மூட்டைக்கு இவ்வளவு, தரைக்கடைக்கு இவ்வளவு என்று பேரூராட்சி நிர்ணயித்த கட்டணம் இருக்கிறது, அதைப் போர்டு எழுதிச் சந்தை வாசலில் வைக்க வேண்டும். எங்கள் சந்தையில் போர்டு இருந்தது, அதன் மேல் தென்னங்கீற்று சாத்தியிருந்தது. கீற்றை நகர்த்தினால் மறுவாரம் திரும்ப அங்கேயே இருக்கும்.

வசூல் பையன்களோடு சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. கவுன்சிலரிடம் சொன்னேன், "பேசறேன்" என்றார். பேசினாரா என்று கேட்கவில்லை, ஏலம் எடுத்தவர் யாருக்கு மைத்துனர் என்று ஊருக்கே தெரியும். சரி என்று ஒரு வெள்ளைத் தாளில், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த வருஷச் சந்தைக் குத்தகையின் ஏல நிபந்தனைகளும் கட்டண விவரமும் வேண்டும் என்று எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, கட்டினேன், 30 நாளுக்குள் நகல் வந்துவிட்டது, அலுவலக முத்திரையோடு. அதை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, தராசுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கவிட்டேன். வசூலுக்கு வந்த பையன் நின்று படித்தான். முத்திரையைக் கையால் தடவிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல், போட்ட கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ரசீதும் கிழித்துக் கொடுத்தான். இப்போது எங்கள் வரிசையில் பூக்காரம்மா முதல் கருவாட்டுக்காரர் வரை எல்லோர் கடையிலும் அந்தத் தாள் தொங்குகிறது.

கிழக்கு ரத வீதி

சந்தைக்கடை அண்ணே, அந்த விண்ணப்பத்தை அப்படியே போட்டோ எடுத்துப் போடுங்கள், உங்கள் பெயரை மறைத்துவிட்டு. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வேண்டும்.

புது வீட்டுக்காரன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறேன். வரி ரசீது இன்னும் முந்தைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. மாற்ற ஆபீசுக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்? கவுன்சிலரைப் பார்த்துவிட்டுப் போகணுமா?

ஓய்வு பெற்ற பில் கலெக்டர்

பார்க்க வேண்டியதில்லை. பத்திர நகல், கடைசியாகக் கட்டிய வரி ரசீது, அடையாள அட்டை, விண்ணப்பம். முந்தைய ஓனர் பாக்கி வைத்திருந்தால் அதை யார் கட்டுவது என்று முதலில் அவரோடு பேசி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தலையில்தான் விழும். குடிநீர் இணைப்பின் பெயர் மாற்றத்துக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம் கொடுங்கள், வாங்குகிறவர்கள் அதை மறந்துவிட்டுக் குழாய் உடைந்த அன்றைக்குத்தான் வந்து நிற்பார்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், அன்றைக்குக் கூட்டம் அதிகம்.