புதுப்பிப்பு: ஸ்டாஃபர்ட் டெரஸ் வீட்டைப் பார்த்துவிட்டேன்

லண்டனில் விக்டோரியா காலத்து வீடு எதையாவது சாமான்கள் கலையாமல் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கென்சிங்டன் பகுதியில் ஸ்டாஃபர்ட் டெரஸ் தெருவில் உள்ள 18-ஆம் எண் வீட்டைச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. போய் வந்தேன்.

‘பஞ்ச்’ என்ற ஆங்கில நகைச்சுவைப் பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட் லின்லி சாம்போர்னும் மனைவி மேரியனும் 1875-இல் குடியேறிய வீடு. 1910-இல் லின்லி இறந்த பிறகும் குடும்பத்தார் பெரிதாக எதையும் மாற்றவில்லை. சுவரே தெரியாத அளவுக்குப் படங்கள். விலை உயர்ந்த சுவர்க் காகிதத்தை லின்லி, படங்கள் மறைக்காத இடத்தில் மட்டும் ஒட்டினாராம்! அந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதிக நேரம் நின்றது குளியலறையில்தான். தான் வரையும் சித்திரங்களுக்கு மாதிரியாக வீட்டாரையும் வேலையாட்களையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, அங்கேயே பளிங்குத் தொட்டியில் கழுவியிருக்கிறார். தொட்டியைப் பார்த்ததும் ஈரக் கைகளோடு அவர் குனிந்து நிற்பதுபோல் இருந்தது.

லின்லியின் பேத்தி ஆன் (Anne) கட்டிக் காத்ததால்தான் இதெல்லாம் மிஞ்சியது. விக்டோரியா காலத்துக் கட்டிடங்களைக் காக்கப் பாடுபடும் ‘விக்டோரியன் சொசைட்டி’ என்ற சங்கம் பிறந்ததும் இங்கேதான்.

அப்புறம், அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டவருக்கு: மாடிப்படிகள் அதிகம். முழங்கால் வலி இருந்தால் சிரமம்.